ஏசுபாதம் மார்க் போட்ட விடுதி

இன்ஜினியரிங் கல்லூரியைப் பற்றி எங்கள் பக்கத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. நாலு வருஷப் படிப்பை நான் ஆறு வருஷம் படித்திருக்கிறேன். மற்றவர்கள் ஒரு தடவை எழுதிவிட்டு மறந்துபோகும் பரீட்சைகளை நான் நாலைந்து தடவை எழுதியிருக்கிறேன். அப்புறமும் பட்டம் கைக்கு வரவில்லை என்பது எனக்கும் பட்டத்துக்கும் இடையே உள்ள சொந்த விவகாரம்.

இப்போது வேன் ஓட்டுகிறேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்கு வேலையாட்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் இரவில் இறக்கிவிடுவது என் உத்தியோகம். அந்த வேனில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு, நான் வேலைக்கு வருவதற்கு முன்பிருந்தே ஏசுபாதம் அண்ணனுடையது. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவர் பத்தாவது முடித்துவிட்டுத் துடைப்பத்தோடு ரிசார்ட்டுக்குள் நுழைந்து, பதினெட்டு வருஷத்தில் அந்தத் துடைப்பத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் பேனா பிடித்தவர். ஒரு ரூமுக்குள் போனால் நாற்பத்திரண்டு விஷயம் பார்ப்பார். கதவுக்கு மேல் சட்டத்தில் விரலை ஓட்டுவார். மெத்தையைத் தூக்கி டார்ச் அடிப்பார். பாத்ரூம் தரையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அது வடிகிற வரைக்கும் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மார்க்.

அவருடைய ஒரே மகள் ஜாக்குலின் பிளஸ் டூ முடித்து, கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தாள். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையின் மதில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரியும். சின்ன வயதில் அவள் அதைக் காட்டி, "தண்ணி மெட்ராசுக்குப் போவுது. உப்பு எங்க போவுது?" என்று ஊரில் எல்லோரையும் கேட்டாள். என்னையும் கேட்டாள். "அதுவும் மெட்ராசுக்குத்தான்" என்றேன். என் படிப்பின் தரம் அவளுக்கு அன்றைக்கே தெரிந்துபோயிற்று. தானே படித்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். கெமிக்கல் இன்ஜினியரிங்.

ஏசுபாதம் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை.

"நாவலூர்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் கெடைக்கும். காலேஜ் பஸ்ஸு நம்ம முனையாண்ட நிக்கிது. காத்தால போனா சாயங்காலம் வூட்டுக்கு வந்துருவ. இத வுட்டுட்டு எங்கியோ ஹாஸ்டல்ல போயி குந்திகினு இருப்பியா?"

"எனக்குக் கம்ப்யூட்டர் வாணாம்பா."

"கடல்தண்ணி பிளான்ட்டு வூட்டாண்ட கீது. அதப் படிக்கிறதுக்கு அச்சரப்பாக்கம் போவணுமா? அங்க ஏரி தானடி கீது!"

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. அவள் மார்க்குக்குக் கெமிக்கல் கிடைக்கக்கூடிய கல்லூரிகள் எங்கள் மாவட்டத்தில் இரண்டு. ஒன்று செங்கல்பட்டுக்கு வெளியே, இன்னொன்று அச்சரப்பாக்கம் தாண்டி. இரண்டிலும், சேர நினைக்கிற பிள்ளையும் பெற்றோரும் ஓர் இரவு தங்கிப் பார்க்க ஏற்பாடு இருந்தது. தாயும் மகளும் பெண்கள் விடுதியில், ஆண்கள் விருந்தினர் அறையில். எந்த விடுதியாவது ஏசுபாதம் கையால் முப்பது மார்க் வாங்கினால் கெமிக்கல். வாங்காவிட்டால் நாவலூர், கம்ப்யூட்டர், பஸ். கவுன்சிலிங்குக்கான கல்லூரி விருப்பப் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பூட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் மாற்ற முடியாது.

"நீயும் வா சரவணா" என்றார் அண்ணன். "நீ ஆறு வருசம் உள்ள இருந்துகினு வந்தவன். உனுக்குத் தெரியாததா?"

ஜெயிலுக்குப் போய்வந்த மாதிரி சொன்னாலும், அதில் கிண்டல் கொஞ்சமும் இல்லை. அதுதான் என்னை அதிகம் வாட்டியது.

செங்கல்பட்டுக் கல்லூரியில் புதன்கிழமை தங்கினோம். புது விடுதி, இன்னும் பிள்ளைகள் குடிவரவில்லை. அதனால் அண்ணனை உள்ளே விட்டார்கள். அவர் விரலை ஓட்டிய விதத்தையும் டார்ச் அடித்த விதத்தையும் பார்த்த விடுதி மேலாளர் பாலசுப்ரமணியன், சுகாதாரத்துறை ஆசாமி என்று நினைத்துவிட்டார். பாதாம்பால் வந்தது. எனக்கும் ஒரு கிளாஸ். அண்ணன் அதை மரியாதையாகக் குடித்து முடித்துவிட்டு, வாட்சைப் பார்த்து, "நாலு நிமிசம் தண்ணி நிக்கிது சார். கொத்தனாரு வாட்டத்த மாத்திப் போட்டுட்டாரு" என்று பதினேழு மார்க் போட்டார்.

ஜாக்குலின் வேனில் ஏறி, கண்ணாடி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். செங்கல்பட்டு தாண்டியதும் என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "சித்தப்பா, நீ படிச்ச ஹாஸ்டலுக்கு எங்கப்பா எவ்ளோ மார்க் போட்டிருப்பாரு?"

"எங்க ஹாஸ்டல்ல ரூமுக்குள்ள நாய் குட்டி போட்டுகினு இருந்திச்சி."

"பாத்தியா? நீ ஆறு வருசம் இருந்தியே."

"நானு அந்த நாய்க்குட்டிங்க வளர்ற வரிக்கும் இருந்தேன்."

சிரித்தாள். ஆனால் கையில் இருந்த போனில் நாள் கணக்கைப் பார்த்துக்கொண்டாள். இன்னும் ஒரே நாள்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மதுராந்தகம் ஏரியின் தண்ணீர் எங்கேயோ தூரத்தில் தகடு மாதிரி தெரிந்தது. அண்ணன் சம்சாரம் மேரி அண்ணி புளிச்சோறும் வறுத்த கருவாடும் கட்டி வந்திருந்தார். கருவாட்டு வாசனை வேனின் மெத்தை வரைக்கும் இறங்கிவிட்டது. அச்சரப்பாக்கத்துக்கு முன்னால் நான் பிறந்த ஊருக்குத் திரும்பும் முனை வந்ததும் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அங்கே நான் இன்னும் இன்ஜினியர்.

"இன்னாத்துக்குக் கண்ணாடிய ஏத்துற? புழுங்குது" என்றார் அண்ணி.

"தூசி அண்ணி."

அண்ணன் ரிசார்ட் யூனிஃபார்மிலேயே வந்திருந்தார். வெளிர்மஞ்சள் அரைக்கைச் சட்டை, கறுப்புப் பேன்ட்டு, நெஞ்சில் பெயர் பொறித்த பேட்ஜ். இருப்பதிலேயே நல்ல சட்டை அதுதான், இஸ்திரி மடிப்பில் விரல் வெட்டுப்படும். "பேட்ஜையாவது கயிட்டேன்யா" என்று அண்ணி வழி நெடுக சொல்லிப் பார்த்தார். "காலேஜுக்குப் போறம். ஒரு மரியாத வாணாமா?" என்றார் அண்ணன்.

இந்தக் கல்லூரி பழசு. வேப்பமரங்கள், சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்கள், நடுவில் ஒரு கிணறு. பெண்கள் விடுதியில் பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். அதனால் வாசலில் ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டி ஆண் வாசனையே கூடாது என்று வார்டன் பூங்கொடி மேடம் சொல்லிவிட்டார். அண்ணன் கெஞ்சிப் பார்த்தார்.

"நான் பாக்காம எப்படி மேடம் சேக்கறது?"

"உங்க சம்சாரம் பாக்கட்டும். கண்ணு இருக்குதில்ல?"

அண்ணன் அண்ணியிடம் டார்ச்சைக் கொடுத்து, நாற்பத்திரண்டையும் ஒப்பித்தார். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார். அது பையை விட்டு வெளியே வராது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

காரணம் இருந்தது. மேரி அண்ணி பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல். தினம் எண்பது பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி அடுப்பு. அன்று இரவு கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாங்கள் எல்லோரும் வரிசையில் உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் அண்ணியின் தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, பொரியல் வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "இன்னும் கொஞ்சம் ரசம்மா?" என்று கேட்டார். அண்ணி நிமிர்ந்து அவரையே பார்த்தார்.

"இன்னாடி அப்படிப் பாக்குற?" என்றார் அண்ணன்.

"இருபது வருசத்துல என்னிய ஒருத்தரு 'இன்னும் கொஞ்சமா'ன்னு கேட்டதில்லய்யா."

"சாம்பார்ல பருப்பே இல்ல. புளி தூக்கலு."

"நீ மூடிகினு துன்னு. நான் ரெண்டாந்தபா வாங்கப்போறேன்."

சாம்பார் நிஜமாகவே நன்றாக இல்லை. அண்ணி மூன்றாம் தடவையும் வாங்கினார்.

சாப்பிட்டதும் தாயும் மகளும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனார்கள். நானும் அண்ணனும் விருந்தினர் அறையில் படுத்தோம். நான் உடனே தூங்கிவிட்டேன். கல்லூரி வளாகத்தில் தூங்குவதில் எனக்கு முன்அனுபவம் அதிகம்.

விடியற்காலையில் ஏதோ படபடவென்று சத்தம் கேட்டு எழுந்தேன். என் கட்டிலைத் தவிர அந்த அறையில் இருந்த மற்ற மூன்று கட்டில்களும் ரிசார்ட் கட்டில்களாக மாறியிருந்தன. விரிப்பின் நாலு மூலையும் கத்தியால் அறுத்தது மாதிரி மடிந்திருந்தது. அண்ணன் குளித்து, யூனிஃபார்ம் போட்டு, பேட்ஜைக் குத்திக்கொண்டு, வெளி வராந்தாவில் போர்வையை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, லீவு நாள்ல கூடவா?"

"தூக்கம் வர்ல. கை சொம்மா இருக்க மாட்டேங்குது."

அப்போது ஸ்கூட்டியில் பூங்கொடி மேடம் வந்து நின்றார். முந்தின நாள் மாலை இருட்டில் எங்களைப் பார்த்தவர், இப்போது முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையையும் பேட்ஜையும் கையில் இருந்த போர்வையையும்தான் பார்த்தார்.

"ஹவுஸ்கீப்பிங்தானே நீங்க?"

"ஆமா மேடம்" என்றார் அண்ணன். அது பொய் இல்லையே.

"நாலு நாளா கான்ட்ராக்ட்காரனுக்குப் போன் போட்டு நாக்கே வறண்டுபோச்சு. இப்பவாச்சும் ஆள் அனுப்பினானே! கீழ்த்தளத்துல பன்னெண்டு பாத்ரூம், எல்லாம் தண்ணி தேங்கி நிக்குது. பொண்ணுங்க ஒம்போதுக்குக் கிளம்பணும். வாங்க, வாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்தது திருட்டுத்தனம். தெரிந்தது என்னவோ, வேலை வந்துவிட்டவனின் நிம்மதி.

"இவரு?" என்று மேடம் என்னைக் காட்டினார். நான் லுங்கியில் இருந்தேன்.

"என் அசிஸ்டென்ட்டு மேடம். பக்கெட்ட எட்றா."

ஆறு வருஷம் படித்தபோது பெண்கள் விடுதியின் மதில்சுவரைக்கூட நான் நெருங்கியது கிடையாது. இப்போது பக்கெட்டும் கையுமாக, முன்வாசல் வழியாக, வார்டன் தலைமையில் உள்ளே போனேன். ஆயா ஜெகதாம்பாள் எங்களுக்கு முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே, "ஆள் வருது! ஆம்பள ஆள் வருது! உள்ள போங்கடி!" என்று கத்திக்கொண்டு நடந்தது. கதவுகள் பட்பட்டென்று சாத்திக்கொண்டன. சாமி ஊர்வலத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை இருக்காது.

வழியில் ஒரு கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டிலில் மேரி அண்ணி தூங்கிக்கொண்டிருந்தார். மணி ஆறரை. நாலரைக்கு எழுந்து பழக்கப்பட்ட மனுஷி, ஃபேனுக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு, குறட்டைவிட்டுத் தூங்கினார். அண்ணன் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சத்தம் வராமல் கதவை இழுத்துச் சாத்தினார்.

"கெஸ்ட்டு தூங்குறாங்க" என்றார் என்னிடம்.

முதல் பாத்ரூமில் கணுக்கால் வரை தண்ணீர். அண்ணன் பேன்ட்டை மடித்துவிட்டு, ஜெகதாம்பாளிடம் ஒரு பழைய ஹேங்கர் கேட்டு வாங்கி, அதை நீட்டி, முனையைக் கொக்கி மாதிரி வளைத்து ஓட்டைக்குள் விட்டுத் திருகினார். மெதுவாக இழுத்தார். கறுப்பாக, நீளமாக, பெருச்சாளி அளவுக்கு ஒரு முடிச்சுருள் வெளியே வந்தது.

"அய்யய்யோ" என்று ஜெகதாம்பாள் பின்வாங்கியது.

"முடிதாம்மா. வாரத்துக்கு ஒருதபா இப்படி இஸ்துப்போட்டா போதும். மேல ஒரு கொசுவலத் துணி வச்சிக் கட்டு."

தண்ணீர் 'கடகட'வென்று சுழன்று இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தலையில் துண்டு, வாயில் பிரஷ், கையில் சோப்பு டப்பா என்று ஒரு கூட்டமே வராந்தாவில் சேர்ந்துவிட்டது. இரண்டாவது பாத்ரூம் வடிந்தபோது கை தட்டினார்கள். மூன்றாவதுக்கு விசில் அடித்தார்கள். பூங்கொடி மேடம் அதட்டினார், ஆனால் அவருக்கும் சிரிப்பு. நான் சுருள்களைப் பக்கெட்டில் வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு அரியர் கிடையாது.

நாலாவது பாத்ரூமை முடித்துவிட்டு அண்ணன் நிமிர்ந்தார். எதிரே கூட்டத்தின் நடுவில் ஜாக்குலின் நின்றுகொண்டிருந்தாள்.

வாயில் பிரஷ், முகத்தில் பாதிச் சிரிப்பு. பக்கத்தில் கவியா என்ற ஒரு பெண் அவள் தோளில் கை போட்டிருந்தாள். ஒரே ராத்திரியில் பத்து வருஷத் தோழிகள் மாதிரி இருந்தார்கள். வீட்டில் எட்டு மணிக்கு எழுப்பினால் ஒன்பது வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் பெண், இங்கே ஏழு மணிக்கே ஈரத்தலையோடு பளிச்சென்று நின்றாள்.

அண்ணன் அவளைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். புருவத்தை மட்டும் ஒரு தடவை அசைத்தார். அந்த ஜாடை எனக்குப் புரிந்தது. பேசாதே, தெரியாத மாதிரி இரு. அவர் முழங்கைவரை அழுக்கு. என்னிடம் அடிக்குரலில், "வாய தொறக்காத சரவணா. புள்ளைங்க முன்னால அவளுக்குக் கூச்சமாப் பூடும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாத்ரூமுக்குத் திரும்பினார்.

எனக்குப் பக்கெட் திடீரென்று கனத்தது. பெற்றவனைப் பார்த்தும் தெரியாத மாதிரி நிற்க நான் எவ்வளவு நன்றாகக் கற்றுவைத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். எங்கப்பா கல்லூரிக்கு என்னைப் பார்க்க நெல்மூட்டை லாரியில் வந்து இறங்கிய நாளில், நான் கேன்டீன் பின்பக்கமாகப் போய்விட்டவன்.

"இன்னாடி அப்படிப் பாக்குற?" என்று கவியா கேட்டது காதில் விழுந்தது.

ஜாக்குலின் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தாள். பக்கத்துச் சாக்கடையில் நுரையைத் துப்பினாள். பின்பு வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்கப்பாடி! பதினெட்டு வருசம் சர்வீஸு! மாடிக்கும் கூப்புடு, வருவாரு!"

"உங்கப்பாவா? செம்மடி!"

"அப்பா, இந்த மூணாவது ஷவர்ல தண்ணியே வர்லப்பா. அதையும் பாரு!"

அண்ணன் அசையாமல் நின்றார். ஹேங்கர் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அந்த மனுஷர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பல்லெல்லாம் தெரிய, கண் கலங்க, என்ன செய்வது என்று தெரியாமல் ஷவரைப் பார்த்துப் போனார்.

"அப்பாவா!" பூங்கொடி மேடத்தின் குரல் இடி மாதிரி இறங்கியது. "நேத்து கோட்டாண்ட நின்னு சண்ட போட்டீங்களே, அந்த ஆளா நீங்க? வெளிய! ரெண்டு பேரும் வெளிய!"

ஜெகதாம்பாள் மறுபடி தட்டைத் தட்ட, அதே ஊர்வலம் திரும்பிப் போனது. இந்தத் தடவை கதவுகள் மூடவில்லை. பிள்ளைகள் கையசைத்தார்கள்.

வாசல் கோட்டுக்கு வெளியே நிறுத்தி மேடம் மூச்சு வாங்கினார்.

"ஏங்க, முதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"ஹவுஸ்கீப்பிங்கான்னு கேட்டீங்க மேடம். ஆமான்னேன். வேல கீதுன்னீங்க, வந்தேன்."

மேடம் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு முறைக்க முடியாமல் கேட்டார். "சரி, பாத்துட்டீங்க. எங்க ஹாஸ்டல் எப்படி?"

ஏசுபாதம் அண்ணனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. "பத்தொம்போது மேடம். நாப்பத்திரெண்டுக்கு. கதவு மேல ஒட்டட. ஜன்னல்ல வல இல்ல. பாசாவாது."

மேடம் ஸ்கூட்டியை ஓங்கி உதைத்தார்.

ஒன்பது மணிக்குப் பெண்களெல்லாம் வகுப்புக்குப் போனார்கள். நாங்கள் கிளம்பி, அச்சரப்பாக்கம் கடைத்தெருவில் வேனை நிறுத்தி நாஸ்தா சாப்பிட்டோம். அண்ணி முகம் கழுவின பூ மாதிரி இருந்தார். ஜாக்குலினுக்குத்தான் இட்லி இறங்கவில்லை. பத்தொன்பது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. போனை எடுத்து அப்பா பக்கம் நகர்த்தினாள்.

"நாவலூர மேல போட்டுட்டேன்பா. பாத்துக்க. பூட்டிடட்டுமா?"

அண்ணன் போனைத் தொடவில்லை. டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"இன்னாய்யா, சொல்லேன்" என்றார் அண்ணி.

"பதினெட்டு வருசமா ரூம் பாக்குறேன் மேரி. கெஸ்ட்டு சாவிய குடுத்துட்டு வெளிய போன பொறவுதான் நாங்க உள்ள போவோம். ஆளு இருக்குற ரூம நான் பாத்ததே இல்ல." இட்லியைப் பிட்டார், சாப்பிடவில்லை. "கசங்கின துணிய வச்சிதான், தூங்கினாங்களா இல்லியான்னே தெரியும். இன்னிக்கித்தான் ஆளோட பாத்தேன். அதுக்கு என் பேப்பர்ல கட்டமே இல்ல."

டீ மாஸ்டர்கூட ஆற்றுவதை நிறுத்திவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. ஒருவேளை பால் தீர்ந்திருக்கலாம்.

"அப்போ?" என்றாள் ஜாக்குலின்.

"அச்சரப்பாக்கத்த மேல போடு."

அவள் போட்டாள். அவசரத்தில் முதலில் மூன்றாவது இடத்தில் விழுந்தது, நான் பிடுங்கிச் சரி செய்தேன். என் கல்வி வாழ்க்கையில் முதல் தடவையிலேயே சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பூட்டுவதற்கான ஓ.டி.பி. எண் அண்ணியின் போனுக்கு வந்தது. அண்ணி ஒவ்வொரு எண்ணாக, ஜெபம் மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார். பட்டியல் பூட்டிக்கொண்டது. மணி பத்தேகால். ஐந்து மணிக்கு இன்னும் அவ்வளவு நேரம் இருந்தது எங்களுக்கே கூச்சமாக இருந்தது.

ஜாக்குலின் அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுத்தினாள். சட்டையின் மடிப்பு கசங்கியது. அவர் நகரவில்லை.

வேனைக் கிளப்பி, மதுராந்தகம் பக்கமாகத் திருப்பினேன். அரை கிலோமீட்டர் போயிருக்காது.

"நிறுத்து" என்றார் அண்ணன்.

"இன்னா அண்ணாத்த?"

"பன்னெண்டு பாத்ரூம்ல நாலுதான் ஆச்சி."

"அதுக்கு?"

"புள்ள வந்து இருக்கப்போற எடம்டா. பொண்ணுங்கல்லாம் கிளாஸுக்குப் போயிருக்கும். ரூம் காலி. நம்ம நேரம் இது. வண்டிய திருப்பு."

"அந்தம்மா உன்ன அடிக்கும்யா!" என்றார் அண்ணி. ஆனால் பின்சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "மத்தியானச் சாப்பாடு அங்கியேதானே?"

வழியில் ஒரு ஹார்டுவேர் கடையில் எட்டு வலைமூடி வாங்கினோம். கல்லூரி வாசலில் செக்யூரிட்டி நோட்டை நீட்டினார். பெயர் என்ற இடத்தில் அண்ணன் ஏசுபாதம் என்று எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் 'பூங்கொடி மேடம்' என்று எழுதினார். வந்த காரியம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவைப் பிடித்தபடி கொஞ்சம் யோசித்தார்.

பிறகு, 'மீதி எட்டு' என்று எழுதிவிட்டு, பேன்ட்டை மடித்துவிட ஆரம்பித்தார்.